'த வால்' பாட்டெல்லாம் அப்பா போன வலியா, ஸ்கூல் குடுத்த வலியா? கேட்டவங்க வாங்க

மொட்டமாடி_ரேடியோ
ஞாயிறு, இரவு 11.40

காலேஜ் படிக்கும்போது நாங்க ஒரு பேண்ட் வச்சிருந்தோம், பேண்ட்னா ரெண்டு கிடார், கடன் வாங்கின ட்ரம் செட், பாட வராத நான். கல்ச்சுரல்ஸ்ல வருஷா வருஷம் கடைசிப் பாட்டு ஒண்ணுதான், இங்கிலாந்து ராக் பேண்ட் பிங்க் ஃப்ளாய்டோட 'அனதர் பிரிக் இன் த வால்'. படிப்பே வேணாம்ங்கிற வரி வந்ததும் ஹால் மொத்தமும் எந்திரிச்சு நின்னு கத்தும், முன்வரிசையில உக்காந்திருக்கிற பிரின்சிபாலும் கால்ல தாளம் போடுவாரு, அவருக்கு வரி புரிஞ்சுதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

போன வாரம் நைட் பஸ்ல ஊருக்குப் போறப்ப தூக்கம் வரல. அந்தப் பாட்டு வர்ற 'த வால்' (செவுருன்னு அர்த்தம்) ஆல்பத்த மொதல்லருந்து கடைசி வரைக்கும் முழுசா கேட்டேன், இதான் முதல் தடவ. அப்பத்தான் தெரியுது அந்தப் பாட்டு மூணு பாகமாம், நாங்க கத்தினது நடுவுல இருக்கிறது. முதல் பாகமும் அதே மெட்டுதான், ஆனா ட்ரம்ஸ் இல்ல, கிடார் மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எதிரொலிக்குது, அதுல ஒரு பையன் சொல்றான் அப்பா கடல் தாண்டிப் போயிட்டாரு, எனக்கு விட்டுட்டுப் போனது ஆல்பத்துல ஒரு போட்டோவும் கொஞ்சம் ஞாபகமும்தான்னு. மூணாவதுல அதே பையன் வளந்து எனக்கு யாரும் வேணாம் எதுவும் வேணாம்னு கத்துறான்.

பதினஞ்சு வருஷமா மூணு பக்க லெட்டர்ல நடுப்பக்கத்த மட்டும் படிச்சு சிரிச்சிட்டிருந்திருக்கேன். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் லைட்ட ஆஃப் பண்ணுங்க தம்பின்னாரு, நான் லைட்டே போடல, போன் வெளிச்சம்.

சரி கேள்விக்கு வரேன். அந்த பேண்ட்ல பாஸ் கிடார் வாசிச்சு இந்த ஆல்பத்த எழுதின ரோஜர் வாட்டர்ஸ இப்படி எழுத வச்சது அப்பா செத்ததா, ஸ்கூலா? ரெண்டுல எது பெருசு?


சும்மா_வந்தேன்
திங்கள், காலை 7.15

ரெண்டும் இல்ல பாஸ். எல்லார் வீட்டுலயும் சாவு விழுது, எல்லாரும்தான் வாத்தியார்கிட்ட அடி வாங்கினோம். நான் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் முட்டி போட்ட நேரத்தக் கூட்டினா ஒரு அரையாண்டு லீவு வரும், நான் என்ன ஆல்பமா போட்டேன்? ஈபி பில் கட்டிட்டு இருக்கேன். கோடி கோடியா சம்பாதிச்சுட்டு அம்மா சரியில்ல அப்பா இல்ல வாத்தியார் சரியில்லன்னு ரெண்டு எல்பி நிறைய புலம்புறது எனக்கு என்னிக்குமே ஒத்து வந்ததில்ல. கிடாரிஸ்ட் கில்மோர் சோலோவுக்காக கேப்பேன், அவ்ளோதான்.


பாஸ்_பாண்டி
திங்கள், காலை 10.02

சும்மா வந்தவரே, நீங்க சொன்னதுல பாதி சரி, அந்தப் பாதிக்கு நான் கடைசில வரேன்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்காக. வாட்டர்ஸ் பிறந்தது 1943 செப்டம்பர் 6. அவங்க அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ், தொழில் வாத்தியார். யுத்தம் ஆரம்பிச்சப்ப நான் துப்பாக்கி தூக்க மாட்டேன்னு மனசாட்சிப்படி மறுத்த ஆளு, குண்டு விழுந்துட்டிருந்த லண்டன்ல ஆம்புலன்ஸ் ஓட்டினாரு. அப்புறம் மனசு மாறி, இந்த ஹிட்லர சும்மா விடக்கூடாதுன்னு தானே போய்ப் பட்டாளத்துல சேந்தாரு. 1944 பிப்ரவரி 18, இத்தாலில அன்சியோ பக்கம் செத்துட்டாரு. பையனுக்கு அப்ப அஞ்சு மாசம். உடம்பு கிடைக்கல, கசீனோங்கிற ஊரு நினைவிடத்துல பேரு மட்டும் இருக்கு.

இன்னொண்ணு, அந்த எரிக்கோட அப்பாவும் முதல் உலகப்போர்ல 1916ல செத்தவரு. அப்ப எரிக்குக்கே வயசு ரெண்டோ மூணோ. அதாவது அந்த வீட்டுல அப்பாவப் பாக்காம வளர்றது தாத்தா சொத்து மாதிரி கைமாறி வந்திருக்கு.

அம்மா மேரியும் வாத்தியார்தான். இத மறந்துட்டுத்தான் எல்லாரும் படிப்பு வேணாம் பாட்டப் பாடுறோம், அத எழுதினவனுக்கு அப்பாவும் வாத்தியார் அம்மாவும் வாத்தியார்.


டேப்ரெக்கார்டர்
திங்கள், மதியம் 1.30

ஸ்கூல் விஷயம் நான் சொல்றேன். கேம்பிரிட்ஜ்ல பசங்க மட்டும் படிக்கிற கிராமர் ஸ்கூல், கேம்பிரிட்ஜ்ஷயர் ஹை ஸ்கூல். யுத்தம் முடிஞ்ச காலத்து இங்கிலாந்து பள்ளிக்கூடம்னா பிரம்பு சகஜம், அங்க அரசாங்கப் பள்ளிகள்ல அடிக்கக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1987லதான். எல்லா வாத்தியாரும் மோசம்னு வாட்டர்ஸ் சொன்னதில்ல, நல்ல மனுஷங்களும் இருந்தாங்க, சிலர் மட்டும் பசங்கள மட்டம் தட்டி உக்கார வைக்கிறதையே பாடமா நடத்தினாங்கன்னுதான் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு.

எங்க காலத்துல ரெக்கார்டிங் சென்டர்ல டிடிகே 90 நிமிஷ கேசட் குடுத்து 'த வால்' பதிஞ்சு வாங்குவோம், ரெண்டு எல்பியும் சேத்து 81 நிமிஷம்தான், கச்சிதமா உக்காரும். மிச்ச இடத்துல கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏதாச்சும் போட்டு வைப்பாரு, என் கேசட்ல 'த வால்' முடிஞ்சதும் ஒரு நாதஸ்வரம் வரும், எனக்கு ரொம்ப வருஷம் அதுவும் ஆல்பத்துல சேத்தின்னு நினைப்பு.

அந்தக் குழந்தைங்க பாடின கதை தெரியுமா? பாட்டு மொதல்ல ரொம்பச் சின்னது, ஒரு சரணம் ஒரு கோரஸ். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் இத டிஸ்கோ தாளத்துல சிங்கிளா விடலாம்னு சொல்ல, நாங்க சிங்கிள் போடுற ஆளுங்க இல்லன்னுட்டாங்க. அவரு விடல. இருந்த டேப்பையே காப்பி எடுத்து ஒட்டி ரெண்டு மடங்காக்கி, ரெண்டாவது சரணத்துக்குப் பசங்க குரல் வேணும்னு லண்டனுக்கு டேப்ப அனுப்பினாரு. அங்க அவங்க ஸ்டூடியோவுக்குப் பக்கத்துல இஸ்லிங்டன் கிரீன் ஸ்கூல். அந்த ஸ்கூல் மியூசிக் வாத்தியார் அலன் ரென்ஷா 23 பசங்களக் கூட்டிட்டுப் போய்ப் பாட வச்சாரு. பாட்டோட வரி என்னன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்க்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சதும் டிவியில பசங்க தலை காட்டக் கூடாதுன்னுட்டாங்க. வீடியோவுல வாயசைக்கிறது வேற பசங்க. ஸ்கூலுக்குக் குடுத்தது ஆயிரம் பவுண்டு, பசங்களுக்குத் தனியா ராயல்டி கிடையாது, அதுக்கு 2004ல அந்தப் பசங்கள்ல சிலர் கேஸுக்குப் போனாங்க.

வாத்தியார் வேணாம்ங்கிற பாட்டப் பாட பசங்கள வரிசையா கூட்டிட்டுப் போனது ஒரு வாத்தியார். ஆண்டவனுக்கும் நக்கல் உண்டு.


சும்மா_வந்தேன்
திங்கள், மதியம் 1.52

அந்த வரில ரெண்டு எதிர்மறை வருது, இங்கிலீஷ் இலக்கணப்படி பாத்தா படிப்பு வேணும்னு அர்த்தம். ஒழுங்கா அடிச்சு சொல்லிக் குடுத்திருந்தா தப்பு வந்திருக்காது 😄


டேப்ரெக்கார்டர்
திங்கள், மதியம் 2.05

சிரிங்க. 1979 கிறிஸ்மஸுக்கு இங்கிலாந்துல நம்பர் ஒன், அடுத்த வருஷம் மார்ச்ல அமெரிக்காவுல நம்பர் ஒன். அதே 1980ல தென்னாப்பிரிக்காவுல, வெள்ளைக்காரப் பசங்களுக்கு ஒரு படிப்பு கறுப்புப் பசங்களுக்கு ஒரு படிப்புன்னு இருந்தத எதிர்த்து ஸ்கூல் புறக்கணிப்பு நடத்தின பசங்க இந்தப் பாட்டத்தான் தெருவுல பாடினாங்க, அரசாங்கம் பாட்டுக்கே தடை போட்டுச்சு. இலக்கணத் தப்புக்குத் தடை போடல.


பாஸ்_பாண்டி
திங்கள், இரவு 9.20

நான் பதினோரு வருஷமா பேண்ட்ல பாஸ் கிடார் வாசிக்கிறேன், கல்யாண ரிசப்ஷன்ல இருந்து காலேஜ் வரைக்கும், சொந்தமா பாட்டும் எழுதிப் பாத்திருக்கேன், அதனால எழுதுறவன் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன்.

வலி இருந்தா பாட்டு வந்துடும்னு ஒரு நினைப்பு இருக்குல்ல, அது பொய். இந்தாளு அப்பா சாவ நேராத் தொட எத்தன வருஷம் ஆச்சுன்னு பாருங்க. 1968ல 'கார்ப்பரல் கிளெக்'னு ஒரு பாட்டு, மரக்கால் வச்ச ஒரு சோல்ஜர் பத்தி, காமெடி பாட்டு, நடுவுல கசூன்னு ஒரு விளையாட்டு ஊதல வச்சு பீப்பீன்னு கல்யாண ஊர்வலம் மாதிரி ஊதுவாங்க. ஆனா அந்தக் கால் போன வருஷம்னு பாட்டுல வர்றது 1944. அவங்க அப்பா போன வருஷம். நாலு வரி ஜோக்குக்குள்ள அந்த வருஷத்த ஒளிச்சு வச்சிருக்கான் மனுஷன். அப்புறம் 1972ல 'ஃப்ரீ ஃபோர்', கை தட்டி ஆடுற மாதிரி மெட்டு, உள்ள போய்ப் பாத்தா குழிக்குள்ள செத்துப்போன அப்பா. அப்பவும் மெட்டு சிரிக்குது. 1979ல 'த வால்', அங்கதான் மெட்டு முதல் தடவையா சிரிப்ப நிறுத்துது, ஆனா கதாபாத்திரத்துக்குப் பிங்க்னு ஒரு பேரு வச்சு அவன் பின்னாடி இவர் நிக்கிறாரு.

முழுசா வெளிய வந்தது 1982ல, ஆலன் பார்க்கர் எடுத்த 'த வால்' படத்துல, 'வென் த டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ'. டைகர்னா புலி இல்ல, ஜெர்மன் டாங்க். அதுல ஒரு இடம். பையன் பழைய போட்டோ வச்சிருக்கிற டிராயரக் குடையுறான், சுருட்டி வச்ச ஒரு காகிதம் கிடைக்குது, தங்க இலையெல்லாம் ஒட்டி ராஜா அனுப்பின இரங்கல் கடிதம். கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப். அவ்ளோதான். நினைச்சா இன்னும் கண்ணு கசியுதுங்கிறாரு, ரப்பர் ஸ்டாம்ப்ங்கிறாரு, எனக்கு அந்த இடத்துல பாஸ் வாசிக்கிற விரல் நின்னு போகும். அப்பா உயிர எடுத்துக்கிட்ட ராஜாவுக்கு ஒரு கையெழுத்துப் போட நேரம் இல்ல. இந்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் எழுத அவருக்கு 38 வயசு ஆகியிருக்கு.

இப்ப சும்மா வந்தவரோட பாதி. சிட் பாரெட்ட எடுத்துக்கோங்க. பிங்க் ஃப்ளாய்ட் ஆரம்பிச்ச காலத்துல பாட்டு முக்காவாசி அவரோடது. அதே கேம்பிரிட்ஜ், அதே ஸ்கூல், வாட்டர்ஸுக்கு ரெண்டு வருஷம் ஜூனியர். அவருக்கும் அப்பா போயிட்டாரு, 1961 டிசம்பர்ல, 16 வயசு ஆக ஒரு மாசம்கூட இல்ல. அதே வாத்தியார்ங்க, அப்பா இல்லாத வீடு, எல்லாம் ஒண்ணுதான். ஆனா அவர் எழுதினது குள்ள மனுஷன் பத்தி, வயக்காட்டு பொம்மை பத்தி, சைக்கிள் பத்தி. அம்மாகிட்ட கதைய நிறுத்தாதேன்னு கெஞ்சுற ஒரு பையன் பத்தி. ஒருத்தர் செவுத்தப் பாத்துக் கத்தினாரு, இன்னொருத்தர் திரும்பிக் குழந்தையாப் போகப் பாத்தாரு. ஒரே மண்ணு ஒரே மழை, ஒண்ணு வேம்பு ஒண்ணு தும்பை. அதனால அப்பா செத்ததும் அடி வாங்கினதும் மட்டுமே பாட்ட எழுதிடாது, அதுல நீங்க சரி சார். ஆனா ஈபி பில் கட்டுறவங்க யாரும் பாட்டு எழுதலன்னு இல்ல.


மொட்டமாடி_ரேடியோ
திங்கள், இரவு 10.11

பாண்டி அண்ணே, அந்த சிட் 1975ல ஸ்டூடியோவுக்கு வந்த கதை படிச்சப்ப ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்துச்சு. ஜூன் 5, இவங்க அவரப் பத்தின பாட்டத்தான் மிக்ஸ் பண்ணிட்டிருக்காங்க, தலையும் புருவமும் மழிச்ச குண்டு ஆளு ஒருத்தர் வந்து நிக்கிறாரு, கூட வாசிச்சவங்களுக்கே யாருன்னு தெரியல.


சும்மா_வந்தேன்
திங்கள், இரவு 10.30

சரி ஒத்துக்கிறேன், ரப்பர் ஸ்டாம்ப் மேட்டர் நல்லாருக்கு. ஆனா இதையும் சொல்லுங்க. 1977 ஜூலை 6 மாண்ட்ரியல் ஸ்டேடியத்துல முன்னாடி நின்னு கத்தின ஒரு ரசிகன் மூஞ்சில துப்பினது இதே வாட்டர்ஸ்தானே? 'த வால்' பண்றப்ப ஆரம்பத்துல இருந்தே கூட கீபோர்டு வாசிச்ச ரிக் ரைட்ட பேண்ட விட்டு வெளிய தள்ளினதும் இவர்தானே? வாத்தியாரத் திட்டித் திட்டிக் கடைசில இவரே ஹெட்மாஸ்டர் ஆயிட்டாரு.


பாஸ்_பாண்டி
திங்கள், இரவு 10.48

அட அதத்தானே ஆல்பமா எழுதினாரு! துப்பின ராத்திரி தன்னப் பாத்தே பயந்துதான் எனக்கும் ரசிகனுக்கும் நடுவுல ஒரு செவுரு இருக்குன்னு ஆரம்பிச்சாரு. கதைல அந்தப் பிங்க் கடைசில யூனிபார்ம் போட்டுக்கிட்டு மேடைல ஹிட்லர் மாதிரி நிப்பான். ரைட் விஷயம் நியாயமே இல்ல, அத நான் முட்டுக் குடுக்கல. 'த வால்' ஷோக்களுக்கு ரைட் சம்பளத்துக்கு வாசிச்சாரு, செலவு எகிறி மத்த மூணு பேருக்கும் நஷ்டம், காசு பாத்த ஒரே ஆளு வேலைய விட்டுத் தூக்கின ரைட்தான். சாபம் பலிக்கும்னா இதான் 😂


வடக்குவீதி
செவ்வாய், அதிகாலை 3.26

வணக்கம். நான் இங்க எழுதுறேல்ல, வாசிக்கிறதோட சரி. இது ஒண்டுக்கு எழுத வேணும் போல கிடக்கு.

என்ர அப்பா 1990ல காணாமல் போனவர். அப்ப எனக்கு ஏழு மாசம். வேலைக்குப் போறன் எண்டு சைக்கிளில வெளிக்கிட்டவராம், சைக்கிள் மட்டும் ரெண்டு நாளால ஒரு மதவடியில கிடந்து எடுத்தது. அம்மாட்ட அப்பாவின்ர படம் ஒண்டே ஒண்டுதான் மிச்சம், ஆற்றையோ கலியாணத்தில எடுத்தது, மற்றதெல்லாம் இடம்பெயரேக்க போட்டுது. அதிலயும் அவர் கமராவப் பாக்கேல்ல, ஆரோ கூப்பிட்ட பக்கம் திரும்பிக்கொண்டு நிக்கிறார். அதால எனக்கு அப்பாவின்ர முகம் அரைவாசிதான் தெரியும்.

நான் கனடா வந்த பிறகு, வேலையில கூட நிண்ட வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தன் வேனுக்குள்ள இந்த ஆல்பத்தப் போட்டவன். அந்தக் குடும்ப ஆல்பத்துப் படம் வாற இடத்தில நான் வேன நிப்பாட்டச் சொல்லிப்போட்டன், சத்தி வருது எண்டு பொய் சொல்லி.

பாண்டி சொல்லாத ஒண்டு இருக்கு. ஹாரி ஷிண்ட்லர் எண்டு ஒரு பழைய இங்கிலிஷ் ஆமிக்காரர், தானும் அன்சியோவில சண்டை பிடிச்சவர், இத்தாலியிலயே இருந்தவர், தொண்ணூறு வயசு தாண்டின பிறகு ஆமிப் பழைய பதிவுகளத் தேடி எரிக் வாட்டர்ஸ் செத்த இடம் இதுதான் எண்டு கண்டுபிடிச்சுக் குடுத்தவர். 2014 பெப்ரவரி 18, சரியா 70 வருசத்தால, அப்ரிலியா எண்ட ஊரில ஒரு நினைவுக்கல் வைச்சவை. வாட்டர்ஸ் போய் நிண்டவர். அப்ப அவருக்கு வயசு 70.

எல்லாரும் அந்தச் செய்தியப் பாத்து அழுததா எழுதினவை. நான் அழேல்ல. எனக்குப் பொறாமையாக் கிடந்தது. அந்தாளுக்கு ஒரு இடம் எண்டாலும் கிடைச்சிட்டு.


சும்மா_வந்தேன்
செவ்வாய், காலை 7.05

நண்பரே, நான் மேல புலம்பல் கிலம்பல்னு எழுதினத மனசுல வச்சுக்காதீங்க. எடிட் பண்ணலாம்னு பாத்தேன், நேரம் தாண்டிடுச்சாம்.


வடக்குவீதி
செவ்வாய், காலை 7.40

ஐயோ அதுக்கில்ல அண்ணை. நீங்கள் சொன்னது எனக்கு நானே சொல்லுறதுதான். நானும் பில்லுத்தான் கட்டுறன்.


ஓய்வு_டீச்சர்
செவ்வாய், பிற்பகல் 3.10

எல்லாருக்கும் வணக்கம்ப்பா. என் பையன் இந்த லிங்க அனுப்பி, அம்மா நீங்க படிக்கணும்னான். எனக்கு இந்த ராக் மியூசிக்கெல்லாம் தெரியாது. 31 வருஷம் கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். அடிச்ச டீச்சர்தான் நான், மறைக்க என்ன இருக்கு. அந்தக் காலத்துல அப்பா அம்மாவே கூட்டிட்டு வந்து விட்டுட்டு, கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்னு சொல்லிட்டுப் போவாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு அப்புறம்தான் ஸ்கேல மேஜைக்குள்ள வச்சோம்.

பையன் அந்தப் படத்துல ஒரு சீன் போட்டுக் காமிச்சான். கிளாஸ்ல ஒரு பையன் கவிதை எழுதிட்டிருக்கான், வாத்தியார் அந்த நோட்டப் பிடுங்கி எல்லாரும் சிரிக்கிற மாதிரி சத்தமா படிக்கிறாரு, அப்புறம் அடிக்கிறாரு. அந்தக் கவிதை இவங்களே முன்னாடி பாடி ஹிட்டான 'மணி'ங்கிற பாட்டோட வரியாம். அதச் சொல்லிப் பையன் சிரிச்சான், எனக்குச் சிரிப்பு வரல.

என் கிளாஸ்ல ஏழாவது படிச்ச பையன் ஒருத்தன், பதினாறு பதினேழு நாள் வரல. வந்தப்ப தலை மொட்ட. வீட்டுப்பாடம் ஒண்ணும் எழுதல. நான் சாக்பீஸ் கையோட திரும்பி, என்னடா பழனியா திருப்பதியா, எங்களுக்குப் பஞ்சாமிர்தம் இல்லையான்னேன். கிளாஸே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். கைய நீட்டுடான்னதும் நீட்டினான், ரெண்டு அடி. இன்டர்வல்ல ஒரு பொண்ணு வந்து மெதுவா சொல்லுச்சு, டீச்சர் அவங்க அப்பா செத்துட்டாங்க டீச்சர்னு.

அவன் ஏன் சிரிச்சான்னுதான் இன்னிக்கும் எனக்கு விளங்கல.

பாண்டி தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வாட்டர்ஸ் வாத்தியாரப் பத்தி எழுதினதெல்லாம் கோவத்துல மட்டும்தானா? அந்த வாத்தியார் ஏன் அப்படி இருந்தான்னு எங்கயாச்சும் யோசிச்சிருக்காரா?


பாஸ்_பாண்டி
செவ்வாய், இரவு 8.55

டீச்சர், வணக்கம். யோசிச்சிருக்காரு. உங்க கேள்விதான் இந்த இழைக்கே வந்திருக்க வேண்டிய கேள்வி, நாங்க அப்பாவா ஸ்கூலான்னு பட்டிமன்றம் நடத்திட்டு இருந்தோம்.

'த வால்'லயே ஒரு சின்ன இடம் உண்டு. படிப்பு வேணாம் பாட்டுக்கு முன்னாடி ஹெலிகாப்டர் சத்தத்தோட ஒரு குட்டிப் பாட்டு வரும், அதுல பசங்கள அடிச்ச வாத்தியார வீட்டுல பொண்டாட்டி அடிக்கிறா. படத்துல அந்த ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுவாங்க. ஆனா அது கேலி, உள்ள போகல.

அதுக்கு அந்த நேரத்துலயே 'டீச்சர் டீச்சர்'னு இன்னொரு பாட்டு எழுதினாரு, 'த வால்'ல இடம் கிடைக்கல, தள்ளிட்டாங்க. 1983ல 'த ஃபைனல் கட்'னு ஆல்பம் வந்துச்சு, அப்பா எரிக்குக்குக் காணிக்கைன்னு பேரும் பிறந்த வருஷமும் செத்த வருஷமும் போட்டு. இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின ஃபாக்லாந்து யுத்தம் முடிஞ்ச சூட்டுல எழுதினது, கேக்குறதுக்குக் கஷ்டமான ஆல்பம், கில்மோருக்கே பிடிக்கல, அப்ப வேணாம்னு தள்ளின பாட்டு இப்ப மட்டும் எப்படி நல்லாயிடுச்சுன்னு சண்டை போட்டாரு. அதுல அந்தத் தள்ளின பாட்டு பேரு மாறி வருது, 'த ஹீரோஸ் ரிட்டர்ன்'. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷப் பாட்டு ஒண்ணு, கிட்டத்தட்ட முணுமுணுப்பு. யுத்தத்துல இருந்து உயிரோட திரும்பின சில பேர்ல ஒருத்தன் வயித்துப் பாட்டுக்கு என்ன செய்வான்? வாத்தியார் வேலைக்குப் போவான்.

அதான் டீச்சர் அந்த வாத்தியார். பாம்பர் விமானத்துல போனவன், ஜெர்மனில டிரெஸ்டன் ஊரு மேல குண்டு போட்டவன். நன்றி கெட்ட இந்தப் பசங்கள அடிச்சுத் திருத்தப் பாக்குறேன், என் குத்தல் பேச்சுக்குப் பின்னாடி என்ன ஞாபகம் கிடக்குன்னு இவனுங்களுக்கு எங்க தெரியப் போகுதுங்கிறான். விமானத்துல கூட இருந்து துப்பாக்கி சுட்ட கன்னர் சாகும்போது இன்டர்காம்ல பேசினது அவன் காதுல இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. அத ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல. பொண்டாட்டிகிட்ட சொல்றான், எப்பன்னா அவ தூங்கினதுக்கு அப்புறம். நீ தூங்குறப்பதான் என்னால உன்கிட்ட பேச முடியுதுங்கிறான்.

நான் இத முதல்ல கவனிச்சப்ப எங்க ட்ரம்மருக்கு நடுராத்திரி போன் போட்டு திட்டு வாங்கினேன். ஏன்னா பாருங்க, அப்பாவ எடுத்துக்கிட்ட அதே யுத்தம்தான் அந்த வாத்தியாரத் திருப்பி அனுப்புது. போய்ச் சேந்தவருக்குப் பையன் பிறந்து அஞ்சு மாசம், திரும்பி வந்தவன் அதே பையனோட கிளாஸ்ல பிரம்போட நிக்கிறான். ரெண்டு வலிக்கும் அவரு ஒரே மெட்டப் போட்டாருன்னு மொட்டமாடி மொத போஸ்ட்லயே சொல்லிட்டாரு பாருங்க, அது சும்மா இல்ல.

இதுல கதாபாத்திரம் எவ்வளவு, நிஜ வாத்தியார் எவ்வளவுன்னு பிரிக்க நான் போகல. ஆனா 36 வயசுல கத்தினவன் நாப்பது தொடுறப்ப அந்த வாத்தியார் படுக்கை பக்கத்துல போய் உக்காந்து கேட்டிருக்கான்.


மொட்டமாடி_ரேடியோ
செவ்வாய், இரவு 9.20

அண்ணே... இதுக்கப்புறம் அந்தப் பாட்ட மேடைல எப்படிப் பாடுறது. அடுத்த மாசம் பழைய பேண்ட் ஆளுங்க சேர்றோம், காலேஜ் அலும்னி மீட். அதே பாட்டத்தான் கேப்பானுங்க.


பாஸ்_பாண்டி
செவ்வாய், இரவு 9.31

மூணு பாகத்தையும் வாசிங்க. முதல் பாகத்துல ட்ரம்மர சும்மா உக்கார வைங்க, அதான் கஷ்டம், கை அரிக்கும் அவனுக்கு. டி மைனர்தான், டிலே போட்டு ஸ்ட்ரிங்க லேசா அமுக்கி அடிச்சா போதும். கூட்டம் கத்த ஆரம்பிக்கும், கத்தட்டும், நீ அவசரப்படாத.


டேப்ரெக்கார்டர்
செவ்வாய், இரவு 9.50

முடிஞ்சதும் நாதஸ்வரம் வைக்க மறக்காதீங்க.


ஓய்வு_டீச்சர்
புதன், இரவு 12.45

பாண்டி தம்பி, பையன் அந்த ரெண்டு பாட்டையும் போட்டு வரி வரியா நிறுத்தி அர்த்தம் சொன்னான். இசை எனக்குப் பிடிபடல, இரைச்சலா இருக்கு. ஆனா தூங்குற பொண்டாட்டிகிட்ட பேசுற இடம் மட்டும் ரெண்டு தடவ கேட்டேன்.

எங்க வீட்டுக்காரர் இப்ப உள்ள தூங்குறாரு. அவரும் வாத்தியார்தான், தமிழ். நாங்க ரெண்டு பேரும் சாயங்காலம் ஸ்கூல் கதை பேசாத நாளே கிடையாது, யாரு என்ன சேட்டை பண்ணினான், ஹெச்எம் என்ன சொன்னாரு எல்லாம். அந்த மொட்டப் பையன் கதைய மட்டும் அவர்கிட்ட நான் சொன்னதே இல்ல. நேத்து இங்கதான் முதல் தடவையா எழுதினேன்.

பையன் கேக்குறான், அவன் பேரு ஞாபகம் இருக்காம்மான்னு. இருக்கு. இனிஷியலோட இருக்கு.